தமயந்திக்கு ஒரு மானிட்டர்

சார், தப்பா நெனைக்காதீங்க. மடியில லேப்டாப் பை வச்சிருக்கீங்களே, கம்ப்யூட்டர் வேலையா? அப்பிடியா. அப்ப உங்ககிட்டயே கேட்டுர்றேன். போட்டோ வேலைக்கு, கல்யாண ஆல்பம் பண்ற வேலைக்கு, மானிட்டர் முப்பத்திரண்டு இஞ்ச் வாங்கலாமா, இல்ல நாப்பத்திமூணு இஞ்ச் டி.வி.யையே மாட்டி விட்டுரலாமா? யோசிச்சே சொல்லுங்க, அவசரமில்ல. உள்ள என் வீட்டம்மாவுக்குக் கண்ணுல சொட்டு மருந்து விட்டு உக்கார வச்சிருக்காங்க. முக்கால் மணி நேரம் ஆகும்னு நர்ஸம்மா சொல்லிருச்சு.

உங்களுக்கு உள்ள யாரு? அம்மாவா? புரையா? புரைன்னா பயப்படாதீங்க சார், எடுத்துட்டு லென்ஸ் வச்சா மறுவாரமே சீரியல் பாப்பாங்க. எனக்கு வீட்ல. தமயந்தின்னு பேரு. அவளுக்குப் புரை இல்ல. அதைச் சொல்றேன்.

நான் அருப்புக்கோட்டை. தர்மலிங்கம். தர்மா ஸ்டூடியோன்னு கேட்டா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் யாருனாலும் கை காட்டுவாங்க. படம் எடுக்கிறது நான், அதை உக்காந்து ஆல்பமாக்குறது அவ. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் தட்டிட்டு வந்து கொட்டிருவேன். அவ அதுல முந்நூறு பொறுக்குவா. சாஞ்சதை நிமித்துவா, நெத்தி வேர்வையைத் துடைப்பா, மாப்பிள்ளைக்குப் பின்னாடி நின்னு கொட்டாவி விட்டவனைக் காணாம ஆக்குவா. பதினாறு வருஷமா இதான் வேலை. எங்க ஊர்ல யாருக்கு எந்தக் கன்னத்துல மரு இருக்குன்னு அவங்க சம்சாரத்துக்குத் தெரியுமோ தெரியாதோ, தமயந்திக்குத் தெரியும்.

எனக்குக் கண்ணு ரொம்ப ஷார்ப் சார். பெருமைக்குச் சொல்லலை. மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதும் எந்த ட்யூப் லைட்டு வேற கலர்ல எரியுதுன்னு சொல்லிருவேன். பொண்ணு மூஞ்சியப் பாத்தா போதும், ராத்திரி தூங்குச்சா, அழுதுச்சா, பொட்டு அரை நூல் எடப்பக்கம் போயிருக்கா, எல்லாம் சொல்லிருவேன். என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது. தொழில் அப்பிடி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன தை மாசம் ஆரம்பிச்சது. ரெண்டு நாள்ல முடிக்கிற ஆல்பத்தை நாலு நாள் இழுக்குறா. நானும் பாத்தேன், பாத்தேன், அப்புறம் கேட்டேன். என்ன தமயந்தி, மிஷின் ஸ்லோவா இருக்கான்னேன். "இல்லங்க, எடது கண்ணுல ஒரு மாதிரி புகை மூட்டமா இருக்கு. ஒருநா மதுரைக்குப் போயி காட்டிட்டு வருவமா"ன்னா.

தை மாசம் சார். யோசிச்சுப் பாருங்க. ஒரே நாள்ல மூணு முகூர்த்தம். ஒண்ணுக்கு நான் போறேன், மத்த ரெண்டுக்கு வெளி ஊர்ல இருந்து கேமராமேன் கூப்பிட்டு அனுப்புறேன். இதுல கடையப் பூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு எப்பிடிப் போறது? ஆடியில போலாம்னேன். ஆடியில கல்யாணம் கிடையாதுல்ல. எங்க தொழில்ல எதுனாலும் ஆடியிலதான் சார். பல்லு பிடுங்குறது, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறது, குலதெய்வம் கோயிலுக்குப் போறது எல்லாம் ஆடி. அவளுக்கும் தெரியும். சரிங்கன்னுட்டா.

ஆனா அதோட விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. பொண்டாட்டி செரமப்படுறான்னு தெரிஞ்சா நான் சும்மா இருக்கிற ஆளு இல்ல. அந்த வாரமே நடுவுல ஒருநாள் சும்மா இருந்துச்சு, பஸ் ஏறி மதுரைக்கு வந்துட்டேன். டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல ஜாபர்னு ஒரு தம்பி கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான். ரொம்ப நாள் பழக்கம். எத்தனை படம் ஒரே நேரத்துல தெறப்பீங்க, ஒரு படம் எவ்வளவு பெருசுன்னு எல்லாம் கேட்டான். எட்டு ஜி.பி. மெமரி பத்தாதுண்ணேன்னான். முப்பத்திரண்டு வாங்கிக்கிட்டுப் போனேன். அப்ப நான் வந்த பஸ்ஸு இந்த ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுதான் போச்சு. எவ்வளவு கூட்டம்னு அன்னைக்கே பாத்தேன்.

மெமரி போட்டதும் மிஷின் பறக்குது சார். இருபது படத்தை ஒண்ணாத் தெறந்தாலும் திணறலை. தமயந்தியக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்லா இருக்குங்கன்னா. ஆனா ஆல்பம் மறுபடியும் நாலு நாள்.

அடுத்து பங்குனி. பழைய ஹார்ட் டிஸ்க் கரகரன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. சரி, இதுதான் இழுக்குதுன்னு முடிவு பண்ணி அதுக்குப் பதிலா எஸ்.எஸ்.டி. போட்டேன். அதுக்கும் நானேதான் மதுரைக்கு வந்தேன். பட்டனை அமுக்கிட்டு டீ டம்ளரை எடுத்து வாயில வைக்கிறதுக்குள்ள மிஷின் ரெடி. அந்த மாசம்தான் கவனிச்சேன், கழுத்தை ஒரு பக்கமாத் திருப்பி, வலது கன்னத்தைக் கொண்டு போயி ஸ்கிரீன்ல ஒட்டுற மாதிரி வச்சுக்கிட்டு வேலை பாக்குறா. ஏன் இப்பிடி உக்காந்திருக்க, கழுத்து சுளுக்கிக்கப் போகுதுன்னு சத்தம் போட்டேன். அப்பதான் சொன்னா, "வலது கண்ண மூடிக்கிட்டுப் பாத்தா, எதிர்ல நிக்கிற உங்க மூஞ்சியே எனக்குத் தெரியலைங்க."

அப்ப மூடாதன்னேன்.

சும்மா சிரிப்புக்குத்தான் சார் சொன்னேன். அவளும் சிரிச்சா. மறுநாள் முதுகுக்கு மெத்தை வச்ச நாற்காலி ஒண்ணு வாங்கிப் போட்டேன். கை வச்சுக்கிற எடம் மேல கீழ ஏறி எறங்கும். ஆபீசருங்க உக்கார்ற நாற்காலி. எங்க ஊர்ல எந்த ஸ்டூடியோக்காரன் பொண்டாட்டி அப்பிடி உக்காந்து வேலை பாக்குறா, சொல்லுங்க.

சித்திரையில கிராபிக்ஸ் கார்டு. இதை ஜாபர் வேணாம்னுதான் சொன்னான், பொய் சொல்லக் கூடாது. "அண்ணே, ஆல்பம் வேலைக்கு இவ்வளவு பெரிய கார்டு தேவையில்ல. இது கேம் வெளயாடுற பசங்க வாங்குறது. மெமரியும் எஸ்.எஸ்.டி.யும் போட்டாச்சு, இதுக்கு மேல வேகம் வேணும்னா ப்ராசஸரைப் பாப்போம், ஆனா அதுவும் உங்களுக்குப் போதும்"ன்னான். நான் விடலை. பக்கத்து ஊர் ஸ்டூடியோக்காரன் போட்டிருக்கான், நான் போடக் கூடாதா? கார்டு செங்கல் கனம் இருக்கு. பழைய டப்பாவுக்குள்ள நுழையலை, அதனால டப்பாவையும் மாத்தினேன். கரண்டு பத்தலைன்னான், எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாத்தினேன். கடைசியில பழைய மிஷின்ல மிச்சம் இருந்தது மானிட்டரும் மவுஸும்தான். உள்ள செவப்பு, நீலம், பச்சைன்னு லைட்டு ஓடும் சார், கொலு வச்ச வீடு மாதிரி.

தமயந்தி கொஞ்ச நேரம் பாத்தா. "இந்த லைட்ட அமத்த முடியாதா, கண்ணு கூசுது"ன்னா. முடியாதுன்னேன். அது எரிஞ்சாத்தான் கார்டு வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

ஆனி மாசம் வந்துச்சு பாருங்க ஒரு சோதனை. இன்னைக்கு வரைக்கும் பஜார்ல தலை நிமிந்து நடக்க முடியலை.

வைகாசியில ஒரு கல்யாணம் எடுத்தேன். பாளையம்பட்டிப் பக்கம், நல்ல குடும்பம். பொண்ணோட தாய்மாமன் கொப்பையான்னு ஒருத்தர். அவருக்கும் பொண்ணோட அப்பாவுக்கும் ஏற்கனவே ஏதோ மனத்தாங்கல். வர்றாரோ வரமாட்டாரோன்னு கடைசி நேரம் வரைக்கும் கவலைப்பட்டுக்கிட்டு இருந்தாங்க. ஆனா மனுசன் வந்துட்டாரு. மேளத்தோட, சீர்த்தட்டோட, மருமகளுக்கு மாலையோட வந்தாரு. அக்காவும் தம்பியும் வாசல்லயே கட்டிப் பிடிச்சு அழுதாங்க. அதெல்லாம் நான் எடுத்தேன் சார். ஒண்ணு விடாம எடுத்தேன்.

ஆல்பம் போச்சு. மூணாம் நாள் கொப்பையா ஆறு பேரைக் கூட்டிக்கிட்டு கடைக்கு வந்துட்டாரு. ஆல்பத்தைக் கவுண்டர் மேல போட்டாரு. விரிச்சுப் பாத்தா, மாலை போடுற படம் ரெண்டு பக்கத்துக்குப் பெருசா வச்சிருக்கா. அதுல பொண்ணு இருக்கு, மாப்பிள்ளை இருக்கான், ஐயர் இருக்காரு, கொப்பையா இல்ல. எட ஓரத்துல நின்னவரு, ஓரத்தோட வெட்டுப்பட்டுப் போயிட்டாரு. மாலையப் புடிச்ச கை மட்டும் உள்ள நீட்டிக்கிட்டு இருக்கு. அந்த ஒரு பக்கம்னாலும் பரவாயில்ல, சீர்த்தட்டுப் பக்கத்துலயும் அப்பிடி, குடும்பத்தோட நிக்கிற படத்துலயும் அப்பிடி. மூணு எடத்துல.

"ஏன்யா, நான் போட்ட மாலை தெரியுது, போட்ட கை தெரியுது, நான் தெரியலையா? மச்சான் சொல்லித்தான வெட்டினீக?"ன்னாரு.

தாய்மாமன வெட்டலாமா? ஆல்பத்துல யாரை வேணா விடலாம், மாப்பிள்ளையோட சித்தப்பாவை விடலாம், ஊர் தலைவரை விடலாம், தாய்மாமன விட்டா அது படம் இல்ல, சண்டை. தமயந்தி உள்ள இருந்து எந்திரிச்சு வந்தா. கவுண்டர் மூலையில இடுப்ப இடிச்சுக்கிட்டு வந்தா. "அண்ணே, யாரும் சொல்லலண்ணே. நீங்க அங்க நின்னத என் கண்ணு பாக்கவே இல்ல, சத்தியமா"ன்னு அழுதுட்டா. நான் அவளை உள்ள போகச் சொல்லிட்டு, அண்ணே இது மிஷின் கோளாறு, மானிட்டர் ஓரத்துல கட்டாகுது, புது ஆல்பம் போட்டுத் தர்றேன்னு காலப் பிடிக்காத குறையாச் சொன்னேன். புதுசும் போட்டுக் குடுத்தேன். ஆனா அவரு மனசு ஆறலை. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் அம்மா வீட்டுக்கு வந்தப்பக்கூட மாமன் எட்டிப் பாக்கலையாம். பொண்ணோட அம்மா மார்க்கெட்ல என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிது.

நான் என்ன பண்ண முடியும்? மானிட்டர்தான் காரணம்னு எனக்கு அன்னைக்கே உறுதியாயிருச்சு. இருபத்திரண்டு இஞ்ச், ஏழு வருசத்துப் பழசு.

ஆடி பொறந்துச்சு. சொன்ன சொல்லை நான் மறக்கலை. அவளும் மறக்கலை, ஒண்ணாந் தேதியே கேட்டா. ஆனா உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, எங்க பக்கம் ஆடிக்குப் புதுப் பொண்ணை அம்மா வீட்டுக்கு அழைச்சுக்கிட்டு வந்துருவாங்க. வந்த பொண்ணைப் பாக்க சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. வந்தவங்களுக்குக் காப்பியக் குடுத்து, மடியில ஆல்பத்தை வைக்கணும். அதனால அத்தனை பேரும் ஆடிப் பெருக்குக்குள்ள குடு, ஆடிப் பெருக்குக்குள்ள குடுன்னு வந்து நிக்கிறாங்க. கையில இருபத்திரண்டு ஆல்பம் பாக்கி. ஆடிப் பதினெட்டு முடியட்டும் தமயந்தின்னேன். பதினெட்டு முடிஞ்சது. அப்புறம் ஆவணிக்கு நிச்சயம் பண்ணவங்க, கல்யாணத்துக்கு முன்னாடி வெளியூர் கூட்டிப் போயி ஜோடியா எடுக்கச் சொல்றாங்களே, அது வந்துருச்சு. இந்தக் காலத்துல ஆடிகூட ஆடியா இல்ல சார்.

ஆனா ஜாபர் ஆடித் தள்ளுபடி போட்டிருந்தான். இருபத்தேழு இஞ்ச் மானிட்டர், ஒஸ்தியான கலரு, ஓரமெல்லாம் மெல்லிசா. வாங்கிட்டு வந்து அவளுக்குத் தெரியாம மாட்டி, மேல துணியப் போட்டு மூடி, கூட்டிக்கிட்டு வந்து துணியை எடுத்தேன். அவ கைய நீட்டி ஒரு ஓரத்தைத் தொட்டா, இன்னொரு ஓரத்தைத் தொட்டா. அப்பிடியே கையால அளந்துக்கிட்டு நின்னா. பெருசா இருக்குங்கன்னா. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஒரு ஆல்பத்துக்கு ஒரு வாரம் சார்! மெமரி, எஸ்.எஸ்.டி., கார்டு, மானிட்டர், நாற்காலி எல்லாம் போட்டு ஒரு வாரம்! பழைய ஓட்டை மிஷின்ல ரெண்டு நாள்ல பண்ணவ. அந்த அம்புக்குறி இருக்கே, மவுஸை அசைச்சா ஓடுமே, அதைத் தேடுறா. அந்தப் பெரிய ஸ்கிரீன்ல அதைத் தேடியே பாதி நேரம் போகுது. எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. அவ மேல இல்ல, ஜாபர் மேல. போனைப் போட்டு, டூப்ளிகேட் சாமானை என் தலையில கட்டிட்டடான்னு கத்திட்டேன்.

அவனும் ரோசக்காரன். ஞாயித்துக்கெழமை கடைய மூடிட்டு, பைக்கைப் போட்டுக்கிட்டு மதுரையில இருந்து வந்துட்டான். தமயந்தியை வேலை பாக்கச் சொல்லிட்டுப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தான். மிஷின் எவ்வளவு பாடுபடுதுன்னு கோடு கோடாக் காட்டுமே, அதைத் தெறந்து ஒரு ஓரமா வச்சான். அரை மணி நேரம் அந்தக் கோட்டையும் தமயந்தியையும் மாறி மாறிப் பாத்தான். அப்புறம் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, நீங்களே பாருங்க. மெமரி கால்வாசி கூட ஓடலை. ப்ராசஸர் சும்மா கெடக்கு. அக்கா மிஷினுக்காகக் காத்திருக்கலண்ணே, மிஷின்தான் அக்காவுக்காகக் காத்திருக்கு."

எனக்குச் சுருக்குன்னுச்சு. என்னடா சொல்றன்னேன். அவன் மவுஸை வாங்கி அம்பைக் கொண்டு போயி எடப்பக்கம் மேல் மூலையில நிறுத்திட்டு, "அக்கா, அம்பு எங்க இருக்கு?"ன்னு கேட்டான். அவ பாக்குறா. தலையத் திருப்பித் திருப்பிப் பாக்குறா. பரீட்சையில விடை தெரியாத பிள்ளை மாதிரி உதட்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. எனக்குத் தெரியுது சார், அஞ்சடி தள்ளி நிக்கிற எனக்கு நல்லாத் தெரியுது.

"அண்ணே, அக்காவை உடனே கண்ணு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க"ன்னான்.

நீங்களே சொல்லுங்க சார். சாமானை வித்தவன் நீ. சாமான் சரியில்லைன்னா ஒத்துக்க. அதை விட்டுட்டு என் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு, என் பொண்டாட்டி கண்ணு மேல பழி போட்டா? வாடா வெளியன்னு சட்டையப் புடிச்சுட்டேன். தமயந்தி போட்ட காப்பியைக்கூடக் குடிக்காம போயிட்டான். அதோட போனை எடுக்க மாட்டேங்கிறான். நானும் இப்பப் போடுறதை விட்டுட்டேன். அதான் உங்ககிட்ட கேக்க வேண்டியதாப் போச்சு.

மறுநாள் காலையில கடையத் தெறக்குறேன், தமயந்தி நாற்காலியில உக்காராம நிக்கிறா. "நாளைக்கு நான் மதுரைக்குப் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி"ன்னா. இருவத்தி மூணு வருசத்துல அவ என்கிட்ட அப்பிடிப் பேசினதில்ல. புரட்டாசிதான, வேலையும் இல்ல, நானும் கூடவே வந்துட்டேன். முந்தாநாள் ஒரு தடவை வந்தோம், இன்னைக்கு ரெண்டாந் தடவை.

என் ஆதங்கம் என்னன்னா சார், அவ ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். எனக்கு இந்த மாதிரி கண்ணு தெரியலை, இப்பவே பாக்கணும்னு சொல்லிருந்தா நான் விட்டிருப்பனா? பொம்பளைங்களே இப்பிடித்தான், எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்குவாங்க. அவங்க அப்பாவும் கடைசி காலத்துல பார்வை இல்லாமதான் கெடந்தாரு. சுவத்தைத் தடவிக்கிட்டே நடப்பாரு. நாங்க வயசாயிருச்சு, அதான்னு நெனச்சோம். இப்ப டாக்டரம்மா சொல்லுது, கண்ணுக்குள்ள நீர் அழுத்தமாம், குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா மத்தவங்க முன்னாடியே வந்து பாக்கணுமாம். வலி இருக்காதாம். சத்தம் இல்லாம ஓரத்துல இருந்து அரிச்சுக்கிட்டே வருமாம்.

முந்தாநாள் ஒரு சோதனை பண்ணாங்க. மிஷின்ல தாடைய வச்சுக்கிட்டு உள்ள பாக்கணும். புள்ளி புள்ளியா வெளிச்சம் வரும். தெரிஞ்சா பட்டனை அமுக்கணும். நான் கதவோரம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பட்டன் சத்தத்துக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். வரவே மாட்டேங்குது சார். எப்பவாச்சும் ஒண்ணு வருது. அமுக்கு தமயந்தி, அமுக்குன்னு எனக்கு உள்ளுக்குள்ள அடிச்சுக்குது.

அப்புறம் அதை ஒரு தாள்ல அடிச்சுக் குடுத்தாங்க. கண்ணுக்கு ஒண்ணா ரெண்டு வட்டம். தெரியிற எடம் வெள்ளை, தெரியாத எடம் கறுப்பு. வலது கண்ணுக்கு ஓரமெல்லாம் கறுப்பு ஏறி, நடுவுல கொஞ்சம் வெள்ளை. எடது கண்ணுக்கு மொத்தமும் கறுப்பு, கீழ ஒரு மூலையில மட்டும் சாம்பல்.

நான் போட்டோக்காரன் சார். கறுப்பாப் போன படம் எத்தனை பாத்திருப்பேன். எனக்கு என்ன தோணுச்சோ, "டாக்டரம்மா, இந்தக் கறுப்பைக் கொஞ்சம் தூக்க முடியாதா?"ன்னு கேட்டேன். எதைங்கன்னுச்சு. இல்லம்மா, நிழலுக்குள்ள ஏதாச்சும் இருக்கும்ல, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனா வெளிய வரும்லன்னேன். சின்னப் பொண்ணுதான் சார் அந்த டாக்டரு, நம்ம மகள் வயசு இருக்கும். "அதுக்குள்ள ஒண்ணும் இல்லைங்க. போனது போனதுதான். மிச்சம் இருக்கிறதைத்தான் காப்பாத்தணும். ஏழெட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா எடது கண்ணுல கொஞ்சமாச்சும் நிறுத்தியிருக்கலாம். ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"ன்னுச்சு.

தமயந்தி இப்ப சொல்லப் போறா, எல்லாத்தையும் போட்டு உடைக்கப் போறான்னு உக்காந்திருக்கேன். தை மாசத்துல சொன்னேன், பங்குனியில சொன்னேன்னு சொல்லப் போறான்னு. அவ என்னைத் திரும்பிப் பாக்கலை. "சீசன் டாக்டர். ஆடியில வரலாம்னு இருந்தோம், முடியாமப் போச்சு"ன்னா.

இருந்தோம்ங்கிறா சார். ரெண்டு பேருமா உக்காந்து பேசி முடிவு பண்ண மாதிரி.

அதுல இருந்து எனக்குச் சாப்பாடு எறங்கலை. நான் என்ன அவளுக்குக் கெடுதலா பண்ணேன்? மதுரைக்கு எத்தனை தடவை அலைஞ்சிருக்கேன்? அவளுக்குன்னுதான எல்லாம் வாங்கினேன்? ஒண்ணாவது எனக்குன்னு வாங்கினேனா? என் கேமரா இன்னும் பழசுதான் சார். மண்டபத்துல புதுப் பசங்க வச்சிருக்கிற கேமராவைப் பாத்தா எனக்குக் கூச்சமா இருக்கும், அப்பவும் அவ மிஷினுக்குத்தான் செஞ்சேன். சரி, விடுங்க.

இன்னைக்கு அழுத்தம் எவ்வளவு எறங்கியிருக்குன்னு பாத்துட்டு, சொட்டு மருந்து போதுமா, ஆபரேசன் வேணுமான்னு சொல்லுவாங்க. நான் என்ன யோசிக்கிறேன்னா, வலது கண்ணுல நடுவுல நல்லாத்தான் இருக்கு. அந்த வெள்ளை எடம் இருக்குல்ல, அது போதும். நல்ல பெரிய ஸ்கிரீனா இருந்தா, எழுத்தெல்லாம் பெருசா வச்சுக் குடுத்தா, ஓட்டிரலாம்ல? ஐப்பசியில முகூர்த்தம் ஆரம்பிச்சுரும். வெளியில குடுத்துச் செய்யலாம், ஆனா அவ அளவுக்கு யாரும் படத்துல மூஞ்சியைப் பதமாத் திருத்த மாட்டான் சார். எல்லாரையும் பொம்மை ஆக்கிருவாங்க.

என்ன சொல்றீங்க? சின்னதா? பார்வை குறுகிப் போனவங்களுக்குப் பெருசு இன்னும் கஷ்டமா? இல்ல சார், பெருசா இருந்தா நல்லாத் தெரியும்ல. ஆங்... தேட வேண்டியிருக்குமா. அது சரி. அது நான் யோசிக்கலை. அப்ப நான் மாட்டின இருபத்தேழு... சரி. சரி.

இந்தா, கூட்டிட்டு வர்றாங்க. அந்த நர்ஸம்மா கையப் புடிச்சுக்கிட்டு வருது பாருங்க, ஊதாச் சேலை, அவதான். தமயந்தி! இங்க, நேரா வா. நான் நிக்கிறேன் பாரு. சொட்டு எரியுதா? அழுத்தம் எறங்கியிருக்குன்னாங்களா, நல்லது. இங்க ஒரு சார் இருக்காரு, கம்ப்யூட்டர்ல பெரிய வேலை. அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்திருக்காரு. உனக்கு எந்த மானிட்டர் சரியா வரும்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

சார்... சார், காதைக் குடுங்க, நீங்க வாயத் தெறக்காதீங்க. ஒரு நிமிஷம்.

அவ அந்தப் பக்கம் பாத்துக் கும்பிடுறா. அவளுக்கு வலப்பக்கம் இருக்கிற சேர்ல, அது எங்க கட்டைப்பை சார், மேல துண்டைப் போட்டு வச்சிருந்தேன். நீங்க அவளுக்கு எடப்பக்கம் இருக்கீங்க. உங்களைத் தெரியலை அவளுக்கு. பையைப் பாத்துச் சிரிக்கிறா. "வணக்கம் சார். இவருக்கு நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க, புதுசா ஒண்ணும் வாங்க வேணாம்னு"ங்கிறா.

சார், உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். பையை நான் மெதுவா எடுத்துர்றேன். நீங்க சத்தம் காட்டாம எந்திரிச்சு, இப்பிடிச் சுத்தி வந்து இந்தச் சேர்ல உக்காந்துருங்க. உக்காந்துட்டு, அவளுக்கு ஒரு வணக்கம் சொல்லிருங்க.